பில்டரின் ஐந்து வருஷப் பொறுப்பு முடியும் முன் வீட்டைச் சோதிப்பது: சென்னை ஃபிளாட்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஐந்து வருஷப் பொறுப்பு என்கிறார்களே, அது எங்கே எழுதியிருக்கிறது?

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவில். எல்லோரும் ரெரா என்று சொல்வது இந்தச் சட்டத்தைத்தான். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ, வேலைத் தரத்திலோ வசதிகளிலோ குறையோ தெரிந்து அதை நீங்கள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுபோனால், 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. குறை ஐந்து வருஷத்துக்குள் இருந்தது என்பது போதாது. ஐந்து வருஷத்துக்குள் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது வருஷமே பாத்ரூம் ஒழுக ஆரம்பித்து, வாட்ச்மேனிடமும் சைட் இன்ஜினியரிடமும் வாயால் புலம்பிக்கொண்டே காலத்தை ஓட்டியவர்களுக்குக் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. சோதிப்பது பாதி வேலை, எழுதிக் கொடுப்பது மீதிப் பாதி.

எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் எப்படி ஐந்து?

சென்னையில் யுடிஎஸ் எனப்படும், நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்குக்குத் தனி விற்பனைப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று போடுவது பழைய வழக்கம். அந்தக் கட்டுமான ஒப்பந்தத்தில்தான் '12 மாதப் பொறுப்பு' போன்ற வரிகள் வந்து உட்காரும். ரெராவுக்கு உட்பட்ட திட்டமென்றால் சட்டம் சொல்வதுதான் செல்லும். அதற்கு முரணான வேறு எந்தச் சட்டத்தையும் மீறி நிற்கும் என்று அதன் 89-வது பிரிவு சொல்கிறது. 'சார், அக்ரிமென்டைப் பாருங்க' என்று பில்டர் அலுவலகத்தில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கட்டடம் பதிவு செய்யப்பட்ட திட்டமா என்று முதலில் பாருங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டங்களுக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் பதிவு கட்டாயமில்லை. நங்கநல்லூர், மடிப்பாக்கம், கொளத்தூர் பக்கம் ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) எழும்பும் நாலு வீடு, ஆறு வீடு அடுக்ககங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். அவர்களுக்கு நுகர்வோர் ஆணையம்தான் நேரான வழி. அதைப் பற்றிக் கீழே.

ஐந்து வருஷம் எந்தத் தேதியிலிருந்து?

ஒப்படைத்த தேதியிலிருந்து. கிரகப்பிரவேசத் தேதியோ, பத்திரம் பதிந்த தேதியோ அல்ல. சாவி கொடுத்தபோது கையெழுத்து வாங்கிய ஒப்படைப்புக் கடிதம் இருக்கும். அதைத் தேடி எடுத்து, தேதியை போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். கடிதம் கிடைக்கவில்லை என்றால் சாவி தொடர்பாக வந்த மின்னஞ்சல், கடைசித் தவணை ரசீது, முதல் பராமரிப்புக் கட்டண ரசீது எல்லாம் துணை ஆதாரம்.

சோதனையை எப்போது வைத்துக்கொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஆளைக் கூப்பிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. சென்னையில் அது பல சமயம் வீண். இந்த ஊரில் வீட்டைச் சோதிப்பது வடகிழக்குப் பருவமழைதான். நமக்கு ஐந்து வருஷம் என்றால் ஐந்து ஐப்பசி-கார்த்திகை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சாவி வாங்கியிருந்தால் 2027 ஆகஸ்டில் காலம் முடிகிறது. உங்களுக்குக் கிடைக்கும் கடைசிப் பருவமழை 2026 அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதைத் தவறவிட்டு 2027 ஜூலையில் பார்த்தால் சுவர் எல்லாம் காய்ந்து, போன சித்திரையில் அடித்த பெயிண்டோடு அழகாக நிற்கும். ஜனவரியில் சாவி வாங்கியவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கடைசி மழையில் தெரிவதை எழுதிக் கொடுக்கச் சில வாரம்தான் இருக்கும்.

நல்ல மழை இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து நின்ற மறுநாள் காலை ஒரு சுற்று வாருங்கள். மேல்தள வீடென்றால் கூரை, மற்ற வீடுகளில் வடக்கு, கிழக்கு வெளிச்சுவர், ஜன்னலின் அடிமூலைகள், ஏசி குழாய் போகும் ஓட்டை, பால்கனி ஓரம். ஓதம் ஏறிய இடத்தில் கை வைத்தாலே சில்லென்று இருக்கும். போனில் படம் எடுங்கள். அதே இடத்தைப் பத்து நாள் கழித்து இன்னொரு படம். மழையில் வந்து வெயிலில் போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாத்ரூம் கசிவை எப்படி உறுதி செய்வது?

சென்னை ஃபிளாட்களில் அதிகச் சண்டை இதில்தான். மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர், பில்டர் என்று மூன்று பேரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள்.

தண்ணீர் தேக்கும் சோதனை எளிது. தரை வடிகாலைத் துணி சுற்றிய அடைப்பானால் மூடி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். வாசல் வழியாக வெளியே வராதபடி ஈர மணல் மூட்டை வைக்கலாம். சுவரில் தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு. 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். கொஞ்சம் ஆவியாகிக் குறையும், அது பரவாயில்லை. பளிச்சென்று இறங்கினாலோ கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ நீர்த்தடுப்புப் பூச்சில் கோளாறு. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, சோதனைக்கு முன்பும் பின்பும் அவர் வீட்டுக் கூரையைப் படம் எடுக்க அனுமதி வாங்குங்கள்.

எந்தக் குழாய் என்று தெரியவில்லையா? துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து முதலில் தரை வடிகாலில் மட்டும் ஊற்றிப் பாருங்கள். இன்னொரு நாள் கழிப்பறைத் தொட்டியில். கீழே நீலம் எப்போது தெரிகிறதோ அதுதான் குற்றவாளி. நீலமே வராமல் இரவும் பகலும் ஒரே மாதிரி சொட்டினால், அழுத்தத்தோடு தண்ணீர் வரும் உள்குழாயைச் சந்தேகப்பட வேண்டும். இரவு மெயின் வால்வை மூடிவிட்டுக் காலையில் சொட்டு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கீழ்வீட்டில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நிம்மதியடைய முடியாது. பாத்ரூம் தரையைத் தாழ்த்தி உடைகல் நிரப்பிக் கட்டியிருந்தால், கசியும் தண்ணீர் அதற்குள்ளேயே தேங்கிப் பக்கச் சுவர் வழியாக ஏறும். பாத்ரூமுக்கு மறுபக்கம் இருக்கும் படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்திருந்தால் கதை அதுதான். அலமாரியை நகர்த்திப் பார்க்காமல் இது தெரியாது.

தரையின் வாட்டத்தையும் இதே நாளில் பார்த்துவிடலாம். ஒரு குவளைத் தண்ணீரை மூலைக்கு மூலை ஊற்றுங்கள். வடிகாலை நோக்கி ஓடாமல் வாசலை நோக்கி ஓடினால் அதுவும் வேலைக் குறையே.

சுவரில் விரிசல் இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எல்லா விரிசலுக்கும் பயப்பட்டால் சென்னையில் குடியிருக்க முடியாது. பூச்சின் மேல் வலைபோலப் பரவும் முடி அளவு விரிசல் சிமென்ட் காய்ந்து சுருங்கியதால் வருவது. அழகு கெடும், ஆபத்தில்லை.

பீமும் சுவரும் சேரும் இடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடும் விரிசல் இன்னொரு வகை. கான்கிரீட்டும் செங்கல்லும், இப்போது பரவலான எடை குறைந்த பிளாக்கும், வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரியும். அந்த இணைப்பில் பூச்சுக்கு முன் கோழிவலை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் இப்படித்தான் பிரியும். கட்டடம் விழாது. ஆனால் வெளிச்சுவரில் இருந்தால் மழைத் தண்ணீருக்கு அதுவே வாசல், அதனால் பட்டியலில் சேருங்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, பிளாக் இணைப்புகளில் படிக்கட்டுபோல் ஏறுவது, தூணிலோ பீமிலோ இருப்பது, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிவது: இவற்றுக்கு இன்ஜினியர் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஏரியை ஒட்டிய களிமண் நிலத்திலும் அஸ்திவாரம் சமமில்லாமல் இறங்கினால் படிக்கட்டு விரிசல் வரும்.

வளர்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்துக்கு ஏடிஎம் கார்டு போதும். அதன் தடிமன் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். கார்டு உள்ளே நுழைந்தால், அல்லது முனை கோட்டைத் தாண்டினால், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க வரும் ஆளை விடாதீர்கள். காரணம் தெரியாமல் மூடிய விரிசல் அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்ப வரும்.

கூரையிலிருந்து காரை உதிர்கிறது. பூச்சு மட்டும்தானா?

உதிர்ந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். வெறும் சாம்பல் நிறக் கான்கிரீட் தெரிந்தால் பூச்சு சரியாக ஒட்டவில்லை என்று பொருள். புளியந்தோப்பில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்தது பெரிய செய்தியாகி, ஐஐடி நிபுணர்கள் ஆய்வு செய்யும் நிலை வந்தது. புதுக் கட்டடம் என்பதே உத்தரவாதம் ஆகாது.

துருப்பிடித்த கம்பியோ பழுப்புக் கறையோ தெரிந்தால் விஷயம் பெரிது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். கம்பிக்கு மேல் போதிய கனம் இல்லாமல் போட்டாலோ, உப்புத் தண்ணீரால் கலவை போட்டதில் குளோரைடு உள்ளே போயிருந்தாலோ அந்தக் காவல் போய்விடும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். திருவான்மியூர், நீலாங்கரை, எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனியின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பீம் ஆகியவற்றில்தான் முதலில் தெரியும். சாலிகிராமத்தில் ஒரு பெரிய குடியிருப்பில் கான்கிரீட்டில் குளோரைடு இருப்பது தெரிந்து வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. இந்த அறிகுறி ஒரு வீட்டில் தெரிந்தாலும் தனியாகப் போராடாதீர்கள். சங்கத்தைக் கூட்டுங்கள்.

மின்சாரத்தில் நாமே பார்க்கக்கூடியது என்ன?

மின்பெட்டியில் ஆர்.சி.சி.பி. எனப்படும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும், அதன் சோதனைப் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. மழை நாட்களில் மட்டும் அது தானாக விழுகிறதென்றால் ஏதோ ஒரு குழாயிலோ பால்கனி விளக்கிலோ ஈரம் இறங்குகிறது. இது மின்கோளாறுபோல் தெரியும் நீர்க்கசிவு. எர்த், பேஸ், நியூட்ரல் மாறியிருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் சின்னக் கருவி ஒன்றை ஒவ்வொரு பிளக்கிலும் சொருகிச் சொல்லிவிடுவார்.

ஜன்னல், கதவு, டைல்ஸ்?

டைல்ஸை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டுங்கள். டொக் டொக் என்று வெற்று ஓசை வந்தால் கீழே கலவை பிடிக்கவில்லை. சுண்ணக்கட்டியால் குறித்துப் படம் எடுங்கள். யுபிவிசி ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்க வேண்டும். இல்லையென்றாலோ அடைத்திருந்தாலோ மழை உள்ளே வழியும். கதவு மழைக்காலத்தில் கொஞ்சம் பருத்து உரசுவது மரத்தின் இயல்பு, விட்டுவிடுங்கள். ஆனால் நிலையின் அடியில் மண் கோடு ஏறினால் கரையான். தரைத்தளத்தில் அது வந்தால் அஸ்திவாரத்தில் கரையான் மருந்து அடித்ததற்கான சான்றைப் பில்டரிடம் கேளுங்கள்.

குழாய்களில் வெள்ளையாகப் படியும் உப்புக்கு மட்டும் பில்டரைத் திட்ட வேண்டாம். அது ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கத்து உப்புத் தண்ணீரின் வேலை.

பொது இடங்களை யார் பார்ப்பது?

சங்கம். எல்லோரும் தன் வீட்டைப் பார்த்துவிட்டு, பெரும் பணம் போகும் இடங்களை மறந்துவிடுகிறார்கள். மொட்டைமாடியில் மழை நின்று ஒரு நாள் ஆன பிறகும் குட்டை தேங்கியிருந்தால் வாட்டம் சரியில்லை. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது. தரைக்கடியில் இருக்கும் சம்ப்பை ஒரு இரவு யாரும் மோட்டார் போடாமல் விட்டு மட்டத்தை அளந்து பாருங்கள். வெயில் காலத்தில் குறைந்தால் கசிவு. மழைக்காலத்தில் யாரும் விடாமலே நிறைந்தால் சந்தோஷப்படாதீர்கள். நிலத்தடி நீர் உள்ளே வருகிறது, பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் இருந்தால் அதுவும் வரும்.

லிப்ட் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, பணி நிறைவுச் சான்று, கட்டியபடி வரைந்த குழாய், மின்வரைபடங்கள் சங்கத்தின் கையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குழாய் எங்கே போகிறது என்ற வரைபடம் இல்லாமல் கசிவைத் தேடுவது சுவர் சுவராக உடைப்பதில் முடியும். மழைநீர் சேகரிப்புக் குழி 2003-லிருந்து கட்டாயம். பெயருக்கு மூடி மட்டும் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள்.

ஆய்வு நிறுவனத்தை அழைக்க வேண்டுமா?

கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு அவசியமில்லை. ரசமட்டம், தூக்குக்குண்டு, டார்ச், பென்சில் போதும். தூண் விரிசல், துரு, காரணம் தெரியாத ஓதம் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்திட்ட அறிக்கை தேவை, ஏனென்றால் பின்னால் விசாரணையில் அதற்குத்தான் மதிப்பு. வெப்பக் கேமராவைக் காட்டி மயக்குபவர்களும் உண்டு. அந்தக் கேமரா தண்ணீரைப் பார்ப்பதில்லை, வெப்பநிலை வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. கேமரா காட்டிய இடத்தில் ஈரமானி வைத்தும் உறுதி செய்கிறார்களா என்று கேளுங்கள். பில்டரே சிபாரிசு செய்யும் ஆய்வாளர் வேண்டாம்.

நாங்கள் இன்டீரியர் செய்தோம். அதனால்தான் கசிகிறது என்கிறார் பில்டர்.

பாத்ரூம் டைல்ஸை மாற்றியிருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். படுக்கையறையில் வார்ட்ரோப் அடித்ததற்கும் வெளிச்சுவர் ஓதத்துக்கும் சம்பந்தமில்லை. எங்கே ஆணி அடித்தீர்கள், எங்கே உடைத்தீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டால், மற்ற இடங்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. அதே குறை தொடாத பக்கத்து வீட்டிலும் இருந்தால் அதையும் படத்தோடு சேருங்கள்.

புகாரை எப்படி எழுதுவது?

வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது புகார் ஆகாது. மின்னஞ்சல் ஒன்று, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் ஒன்று. இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரிக்கு. வீட்டு எண், ஒப்படைத்த தேதி, 14(3) பிரிவின் கீழ் எழுதுகிறோம் என்ற வரி, அதன் கீழ் அறை வாரியாகக் குறைகள். 'வீடு முழுக்க லீக்' என்று எழுதாமல், 'வடமேற்குப் படுக்கையறை, ஜன்னலின் இடது அடிமூலை, நவம்பர் மழையில் இரண்டு அடி அகலத்துக்கு ஓதம், படம் 7' என்று எழுதுங்கள். காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தப்பான காரணத்தை எழுதினால் பில்டர் அதைப் பிடித்துக்கொள்வார். அறிகுறியை மட்டும் எழுதுங்கள்.

இன்னும் குறை வரலாம் என்று ஒரே பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டாம். தெரிந்ததை இப்போதே அனுப்பி, பிறகு வருவதை இன்னொரு கடிதமாக அனுப்பலாம்.

30 நாள் ஆகியும் யாரும் வரவில்லை.

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். சரி செய்ய உத்தரவு கேட்பதற்கு 'எம்' படிவம், நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பு அலுவலரிடம் போவதற்கு 'என்' படிவம். எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள், மாற்றிப் போட்டால் காலம் வீணாகும். சங்கமும் புகார் கொடுக்கலாம். பொது இடக் குறைகளுக்கு அதுதான் நல்லது.

முதல் உரிமையாளரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்கினேன். எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். சட்டத்தில் வரும் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்ற சொல்லுக்குள் பிறகு விலைக்கு வாங்கியவரும் அடக்கம். ஆனால் காலம் முதல் ஒப்படைப்பிலிருந்துதான் ஓடுகிறது, உங்களுக்குப் புதிதாக ஐந்து வருஷம் கிடையாது. வாடகைக்கு இருப்பவர் இதில் வரமாட்டார். வாடகைக்கு விட்டிருந்தால் மழை நாட்களில் குடியிருப்பவரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கடிதத்தை உரிமையாளர் பெயரில் அனுப்புங்கள்.

எங்கள் சொந்த மனையில் கான்ட்ராக்டர் கட்டிய வீடு. எங்களுக்கு?

ரெரா இல்லை. உங்கள் ஒப்பந்தமும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான். வீடு கட்டிக் கொடுப்பது அதில் சேவையாகவே கருதப்படுகிறது. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். ஒப்பந்தமே இல்லாமல் மேஸ்திரியிடம் ரொக்கமாகக் கொடுத்துக் கட்டியிருந்தால், வங்கிப் பரிமாற்றம், பொருள் ரசீது என்று கிடைப்பதையெல்லாம் இப்போதே சேர்த்து வையுங்கள்.

பில்டர் ஆட்களை அனுப்பிவிட்டார். வேலை முடிந்ததும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஓதச் சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அது வேலை இல்லை, தண்ணீர் வரும் பக்கத்தை அடைத்திருக்க வேண்டும். பாத்ரூமில் டைல்ஸ் இணைப்பில் புது குரௌட் பூசிவிட்டுப் போனால், அதே தண்ணீர் தேக்கும் சோதனையை அவர்கள் முன்னாலேயே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். எந்தப் பொருள் பயன்படுத்தினார்கள், எந்தத் தேதி என்று அவர்கள் தாளிலேயே எழுத வையுங்கள். 'எல்லாக் குறைகளும் முழுத் திருப்தியாகத் தீர்ந்தன' என்று அச்சடித்த வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, 'இன்ன இடத்தில் வேலை நடந்தது, அடுத்த மழைக்குப் பிறகு பார்க்க வேண்டும்' என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிரதியைப் படம் எடுத்துக்கொண்டு அன்றே பில்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.